இன்டர்வியூ நாளில் நடவு

நம் வயசுக்காரர்கள் இப்போது கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால், சர்க்கரை அளவுக்கு அடுத்தபடியாகப் பேசுவது பேரப்பிள்ளைகளின் மார்க்கைத்தான். அதிலும் ஒரு தனி ரகம் இருக்கிறது. "நல்ல மூளைங்க, ஆனா உக்காந்து படிக்க மாட்டேங்குறான். மார்க் சுமார்தான். எந்தக் காலேஜ்ல போடலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் சில பேர் என்னோடு அதே வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். என் மார்க்கை அவர்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். பந்தியில் இலை போட்ட பிறகு வந்து கேட்காதீர்கள்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில், முடிகொண்டான் ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் ஓரம் எங்கள் ஊர். கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊர்ச் சுவர்களில் பாதியில் உதயசூரியன், மீதியில் கதிர் அரிவாள். அப்பா ஒரு மிராசுதாரரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். சொந்தம் என்று எங்களுக்கு இருந்தது வீடு நின்ற மனையும் ஒரு ஜோடி மாடும்தான். நிலத்தை மிராசுதாரர் எந்த வருஷம் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்த காலம் போய், குத்தகைதாரர் பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் யாரும் சுலபத்தில் கை வைக்க முடியாது. ஏறாவிட்டால் அடுத்த குறுவைக்கு நாங்கள் எங்கே நிற்போம் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு இதுதான். நடுவில் என் பரீட்சை ரிசல்ட் வந்து சேர்ந்தது.

ரிசல்ட் அப்போதெல்லாம் பேப்பரில் வரும், வெறும் நம்பராக. டீக்கடையில் ஒரே பேப்பரை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு தேடுவார்கள். என் நம்பர் இருந்தது. அப்பா பக்கோடா வாங்கி வந்தார், தாமரை இலையில் எண்ணெய் வழிய வழிய. நம்பர் வேறு, மார்க் வேறு, மார்க் தெரிய இன்னும் நாளாகும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கோடாவைத் தின்று இலையை மடித்துப் போட்டேன்.

மார்க் ஏறிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வாங்க அப்பாவும் நானும் பள்ளிக்கூடம் போனோம். தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூளை இருக்கு. முனைப்பு இல்ல. இருக்குற மூளைய இந்தப் பொண்ணு செலவே பண்ணல."

"அப்ப மிச்சம் இருக்குல்லங்க?" என்றார் அப்பா.

தலைமை ஆசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் டிரெயினிங் கிடைப்பது கஷ்டம், டைப்ரைட்டிங் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் என்றார். என்னைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பரீட்சைக் காலத்தில் நான் எங்கே இருந்தேன் என்று அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

நான் மதகில் இருந்தேன். ஊர்க்கோடியில் வாய்க்கால் மதகு, பகல் வெயிலைக் குடித்துச் சாயங்காலமும் சுடும் சிமெண்டுக் கட்டை. எதிரே தென்னை மரத்தில் தகரக் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, குத்தகை விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாறி மாறிக் கூட்டம் போடுவார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். தொண்டை கட்டிய குரல். குத்தகைச் சட்டத்தை வரி வரியாகப் பிரித்து, நம் ஆட்களுக்குப் புரிகிற தமிழில் சொல்வார். அவர் ஒன்று சொன்னால், மிராசுதாரர் பக்கத்து ஆள் இதற்கு என்ன பதில் சொல்வான் என்று நான் மனசுக்குள் யோசிப்பேன். நான் யோசித்த பதிலையே அவர் அடுத்து எடுத்துத் தகர்த்தால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஒரு நாள் எழுந்து கேட்டே விட்டேன், குடும்பத்து ஆள் உழைத்தால் போதும் என்கிறீர்களே, பெண்பிள்ளை உழைப்பும் அதில் சேர்த்தியா என்று. "சேர்த்திதாம்மா, நல்லாக் கேட்ட" என்றார். அம்மா வந்து பின்னலைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை.

மார்க் வந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு படிப்பைச் சொன்னார்கள். நர்சு வேலைக்குப் போகட்டும் என்றார் ஒருவர். திருவையாற்றில் புலவர் படிப்புக்கு மார்க் பார்க்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். மாமா மட்டும் படிப்பைத் தொடாமல் நேரே மாப்பிள்ளைக்குப் போனார். என் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதுவானாலும் சரி என்றுதான் இருந்தேன்.

அப்பா யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. நாற்றை எங்கே வைக்கிறோம் என்று கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் செய்ததில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, டவுனில் இருந்த பெரிய காலேஜைப் பார்க்கப் போனார். எல்லோரும் முன்பக்கத்துத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் நேரே பின்பக்கம் போனார். முதல் நாள் பெய்த மழை விளையாட்டுத் திடலில் நின்றது. காலால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார். காவலாளியைக் கூப்பிட்டு, "இது எத்தனை நாள்ல வடியும்?" என்று கேட்டார். காவலாளி இவரை ஒப்பந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

திரும்பும் வழியில், எங்கள் ஊரிலிருந்து ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, ஒரு புதிய காலேஜ். பாதிக் கட்டடம் இன்னும் கீற்றுக் கொட்டகைதான். மேஜையெல்லாம் புது வார்னிஷ் வாசனை. ஆனால் தரை ஆற்றுப் பக்கம் சரிந்து கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. "பெரிய ஆத்துக் கடைமடையில நின்னு தண்ணி வருமா வருமான்னு பாக்குறதுக்கு, சின்ன வாய்க்கால்ல தலைமடை தேவலாம்" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பெரிய காலேஜ் பெரிய காலேஜ்தான் என்று மனு அங்கேதான் போயிற்று.

இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி அட்டை வந்தது. நல்ல மார்க்குக்காரர்களையெல்லாம் முதலில் கூப்பிட்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டு, சுமார் மார்க்குக்காரர்களுக்குக் கடைசியில் ஒரு நாள். மிச்சம் இருக்கிற சீட்டு, மிச்சம் இருக்கிற பாடம். அப்பா சொன்ன கடைமடை அதுதான். இருந்தாலும் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள் அம்மா.

இதற்கிடையில் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக, செத்தைகளைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த மண் வாசனை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்று வளர்ந்து நடவுக்குத் தயாராக நின்றபோது, தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டு நடவை நிறுத்தியது. யார் வயலிலும் யாரும் இறங்கவில்லை. எங்கள் வயலில் வருஷா வருஷம் நடும் கூட்டத்துக்கு ஒரு தலைவி இருந்தாள். எங்கள் வாசலுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடி அப்பாவிடம் பேசினாள்.

"உங்க வீட்டு ஆளுவ நட்டா நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம் ஐயா. வெளியூர் ஆளைக் கொண்டாந்தீங்கன்னா நாத்தைப் பிடுங்கிப் போட்டுருவோம். சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அப்பா தலையாட்டினார். அதே வாரம்தான் தாசில்தார் குத்தகைப் பதிவுக்காக வயல்களை நேரில் பார்க்க வருகிறார் என்று தண்டோரா போட்டார்கள். எங்கள் ஊருக்கு வரும் நாளும் என் இன்டர்வியூ நாளும் ஒன்று.

இங்கேதான் மிராசுதாரரின் காரியஸ்தர் தன் கைவரிசையைக் காட்டினார். வெற்றிலைப் பெட்டியும் குடையுமாக ஊரில் வலம் வருகிறவர். டீக்கடையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னார்: "தானே உழைக்கிறவனுக்குத்தான் பதிவு. காலேஜுக்குப் போற புள்ள இருக்குற வீடு உழைக்கிற வீடு ஆவுமா? தாசில்தாரு முதல்ல அதைத்தான் பாப்பாரு."

அவ்வளவுதான். குத்தகைக்காரர் தெருவில் புத்தகங்கள் ஒளியத் தொடங்கின. ஒரு வீட்டில் சிலேட்டு வைக்கோல் போருக்குள் போயிற்று. ஒரு வீட்டில் வாசலில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து மடித்துப் பரணில் போட்டார்கள். அம்மா என் புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டி நெல் குதிருக்குள் இறக்கினாள். பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் நிலம் வேண்டும் என்று அலைந்தவர்கள், நிலத்துக்காகப் படிப்பை ஒளித்தார்கள்.

"அப்படிச் சட்டத்துல இல்லம்மா. மதகுல சொன்னாங்க" என்றேன்.

"பரீட்சையில எழுதத் தெரியல. சட்டம் பேச வந்துட்டா" என்றாள் அம்மா.

அப்பா முடிவாகச் சொன்னார்: "இன்டர்வியூ வேணாம் பாப்பா. அன்னிக்கு நீயும் சேத்துல நிக்கணும். வீட்டு ஆளு எல்லாரும் நடுறோம்னு அவரு கண்ணால பாக்கணும்."

அதுவரை எனக்குக் காலேஜ் மேல் பெரிய ஆசை கிடையாது என்று சொன்னேன் அல்லவா? போகக்கூடாது என்ற அந்த நிமிஷத்தில் வந்தது ஆசை. கொல்லையில் மாட்டுத்தொட்டி பக்கம் உட்கார்ந்து அழுதேன். மார்க் வந்தபோது அழாதவள்.

முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. வயலின் ஓர் ஓரத்தில் அம்மா எனக்கு நடவு சொல்லிக்கொடுத்தாள். நாலைந்து நாற்றைப் பிரித்து, வேரைக் கட்டைவிரலோடு சேர்த்து அழுத்திப் பின்னால் நகர வேண்டும். பார்க்கச் சுலபம். நான் நட்டதெல்லாம் நான் நகர்ந்ததும் மேலே வந்து மிதந்தது. அம்மா நட்டது நட்ட இடத்தில் நின்றது. வரப்பில் நின்று பார்த்த நடவுக் கூட்டத்துத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீ நட்டது நாளைக்கு விடியறதுக்குள்ள நாகப்பட்டினம் போயிரும் பாப்பா."

மறுநாள் காலையில் டவுன் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துப் போனது எனக்கு வயலுக்குள் கேட்டது. அது போன பிறகுதான் ஜீப் வந்தது. தாசில்தார் பூட்ஸைக் கழற்றி டவாலிச் சேவகர் கையில் கொடுத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பின்னாலேயே காரியஸ்தர் குடையைப் பிடித்தபடி. நடவுக் கூட்டத்துப் பெண்களும் வேலை இல்லாததால் வேடிக்கை பார்க்க வரப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். அப்பா கட்டுக் கட்டாக நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். அம்மா குனிந்தவள் நிமிரவில்லை. நான் கணுக்கால் சேற்றில், கையில் ஒரு முடி நாற்றோடு, எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றேன்.

"இந்தப் பொண்ணு கையப் பாருங்க சார்" என்றார் காரியஸ்தர். "எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சது. காலேஜுக்கு மனு போட்டிருக்கு. இன்னிக்கு உங்களுக்காகச் சேத்துல இறக்கி விட்டிருக்காங்க. இதுவா உழைக்கிற குடும்பம்?"

அப்பா ஓடி வந்தார். அவர் வாழ்நாளில் ஓர் அதிகாரி முன்னால் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். "இல்லீங்க ஐயா. எப்பவும் வயல்லதாங்க கெடக்கும் இது. வயல் வேலையாலதான் மார்க் குறைஞ்சு போச்சு. வாத்தியாரைக் கேட்டுப் பாருங்க."

என் சோம்பேறித்தனம் குடும்பத்துக்குச் சாட்சியாக நின்றது அந்த ஒரு தடவைதான். தாசில்தார் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா? எங்க, கொஞ்சம் நடு பாப்போம்."

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. காரியஸ்தரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்ததும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எனக்கு நடத் தெரியாதுங்க. நட்டா மிதக்கும். மார்க்கும் வயலால குறையலீங்க. நான் படிக்கல, அதனால குறைஞ்சுது."

வரப்பில் சிரிப்பு எழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். நான் நிறுத்தவில்லை.

"ஆனா, தானோ தன் குடும்பத்துல ஒரு ஆளோ உடம்பால உழைச்சு சாகுபடி பண்ணினா போதும்னுதாங்க சட்டத்துல இருக்கு. எல்லாரும் சேத்துல நிக்கணும்னு இல்லீங்களே? எங்கப்பா காலைப் பாருங்க. எங்கம்மா நட்ட வரிசையப் பாருங்க. வீட்டுல ஒரு பொண்ணு படிச்சா குத்தகை இல்லைன்னு எந்த வரியில போட்டிருக்குன்னு இவரையே காட்டச் சொல்லுங்க."

தாசில்தார் காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "எங்கய்யா போட்டிருக்கு?"

"வழக்கத்துல உள்ளதுங்க..." என்று இழுத்தார் அவர்.

"வழக்கத்தை நீங்க வீட்டுல வச்சுக்குங்க" என்றுவிட்டு தாசில்தார் வரப்பைப் பார்த்துக் கேட்டார்: "இவரு தானே எறங்கி வேலை பாக்குறவருதானா? யாருக்காவது தெரியுமா?"

அந்தப் பெண்களுக்கும் எங்களுக்கும் அப்போது கூலித் தகராறு. மாட்டிவிட நினைத்தால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. தலைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"வருஷா வருஷம் எங்ககூடத்தாங்க சேத்துல நிக்கிறாரு. உழைக்கிறதுக்கெல்லாம் குறைச்சல் இல்ல. கூலி கேட்டா மட்டும்தான் ஆளைக் காணும்."

தாசில்தாரும் சிரித்துவிட்டார். அப்பா பெயர் பதிவில் ஏறியது. மறுநாள் கூலிப் பேச்சுவார்த்தைக்கு ஊரில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர் அப்பாதான். வேறு வழி? இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாளே. ஒன்றை மட்டும் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அன்று எங்களுக்காகப் பேசியவளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. எங்கள் பெயர் ஏறிய பதிவில் அவள் பெயர் ஏற இடமே இல்லை. அவளும் அந்த வயலில் எங்களுக்குக் குறையாமல் உழைத்தவள். பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் கோர்ட்டில் நான் நின்ற வழக்குகளில் பாதி அவளைப் போன்றவர்களுடையது என்றால், அது தற்செயல் இல்லை.

கிளம்பும்போது தாசில்தார் கேட்டார், எந்தக் காலேஜ் என்று. "இன்னிக்குத்தாங்க இன்டர்வியூ" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அதெல்லாம் சினிமாவில். "அடடா" என்றார், பூட்ஸை மாட்டிக்கொண்டார், அடுத்த ஊருக்குப் போய்விட்டார். பெரிய காலேஜ் எனக்கு அன்றோடு முடிந்தது.

அதன் பிறகு நடவு முடிகிற வரை அப்பா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், செம்பைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார். தாசில்தார் முன்னால் தகப்பனைப் பொய்யன் ஆக்கியவள் நான். நிலம் கிடைத்தும் அந்த மனுஷருக்கு மனசு ஆறவில்லை என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் நினைத்தாள். புத்தக மூட்டை குதிருக்குள்ளேயே கிடந்தது, வெளியே எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. மாமா மறுபடி ஒரு மாப்பிள்ளையோடு வந்து போனார்.

நடவு முடிந்த மறுநாள் காலை. அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "பொறப்படு" என்றார். கையில் அந்தச் சாக்கு. ரயிலில் அவர் ஜன்னல் வழியாக ஊர் ஊராக நட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாக்கிலிருந்து நெல் தவிட்டு வாசனை அடித்தது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினோம்.

புதிய காலேஜில் சீட்டுகள் பாதி காலி. பிள்ளை வருமா என்று அவர்கள்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன், அப்பா உட்காரவில்லை. பிரின்சிபால் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினார், அதிலிருந்து இரண்டு நெல்மணி மேஜையில் விழுந்தது.

"மார்க் சுமாராத்தான் இருக்கு. புள்ளைக்கு எதுல ஆர்வம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். படித்தவர்கள் முன்னால் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஆர்வமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சும்மா படின்னா இது படிக்காது. எதிர்ல ஒரு ஆளு நின்னு முடியாதுன்னு சொன்னா, எங்கேயோ போயித் தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்குது. அதனால எதிராளி இருக்குற படிப்பாப் பாத்துக் குடுங்க. எதிராளி இல்லாத படிப்பு இதுக்கு வேணாம்."

பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரி, பாக்கலாம். இப்ப இந்தப் பொண்ணுக்கு யாரு எதிராளி?"

அப்பா துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"இப்போதைக்கு நான்தாங்க" என்றார்.